காட்டுத்தீச் சாம்பல் படிந்த நீச்சல்குளம்

கேள்வி: ஆரல்வாய்மொழி மலையடிவாரத்தில் காய்ந்த புல் பற்றியெரிந்தபோது காற்றோடு வந்த சாம்பல், எங்கள் விடுதியின் நீச்சல்குளத்தில் விழுந்து நீரைக் கலங்கடித்துவிட்டது. நீர் முழுவதையும் வெளியேற்றிவிடலாமா?

பதில் 1: வேண்டாம் ஐயா, இந்தக் கோடையில் அவ்வளவு நீருக்கு எங்கே போவீர்கள்? மிதப்பதை நுண்வலையால் அள்ளிவிட்டு, சாம்பல் அடியில் படிந்தபின் அதை மணல் வடிகட்டிக்குள் விடாமல் உறிஞ்சி நேரே வெளியேற்றுங்கள். உள்ளே போனால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

பதில் 2: சாம்பல் காரத்தன்மை உடையதாதலால் பிஎச் அளவு உயர்ந்து, குளோரின் வலுவிழக்கும். அதனால் முதலில் பிஎச் அளவை 7.2 முதல் 7.6 வரைக்குள் கொண்டுவந்து, பகல் வெயில் குளோரினைச் சிதைத்துவிடும் என்பதால் பொழுது சாய்ந்தபின் அதை இடுங்கள். சாம்பலிலுள்ள பாஸ்பேட் பாசிக்கு உரமாகும், சுவர்களையும் தேய்த்துவிடுங்கள்.

கேட்டவர்: நன்றி. வடிகட்டியை நேற்றே ஓடவிட்டுவிட்டேன், என்ன செய்வது?

பதில் 1: எதிர்த்திசையில் நீர் செலுத்தி, வெளிவரும் நீர் தெளியும்வரை அலசுங்கள்.