ஆதார் கைரேகையைப் பூட்டினால் முதியோர் பென்ஷனும் ரேஷனும் நிற்குமா? ஜெராக்ஸ் கேட்கும் இடத்தில் எதைக் கொடுப்பது?

வேப்பமரத்தடி கேட்டது:

அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்கில் வருகிறது. வங்கி முகவர் வீட்டுக்கே வந்து, கருவியில் விரல் வைக்கச் சொல்லிப் பணம் தருகிறார். ரேஷன் கடையிலும் அம்மாதான் விரல் வைக்கிறார். கைரேகையைப் போலியாக எடுத்துக் கணக்கைத் துடைக்கிறார்கள் என்று செய்தி வருவதால் ஆதாரில் பயோமெட்ரிக் லாக் போடலாம் என்று இருக்கிறேன். போட்டால் இந்த இரண்டும் நின்றுவிடுமா? அம்மாவின் ஆதாரோடு இணைந்த போன் எண் என்னிடம் இருக்கிறது, நான் வெளியூரில் இருக்கிறேன்.

இன்னொன்று. தங்கும் விடுதி, வாடகை வீடு, ஜிம் என்று எங்கே போனாலும் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள். மறுக்க உரிமை இருக்கிறதா? கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எப்படிக் கொடுப்பது?

---

கல்லாப்பெட்டி எழுதியது:

முதலில் பணம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஏஇபிஎஸ் என்ற, ஆதாரை வைத்து முகவரிடம் பணம் எடுக்கும் முறையில் மூன்று விஷயம் போதும்: ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை. பின் நம்பர் கிடையாது, ஓடிபி கிடையாது. ஒரு தடவைக்கு ரூ.10,000 வரை எடுக்கலாம். ஆதார் எண் ஜெராக்ஸ்களில் ஊரெல்லாம் கிடக்கிறது. பத்திரப் பதிவில் புகைப்படமும் கைரேகையும் ஒட்ட வேண்டும் என்பது சட்டம் என்பதால், பத்திர நகல் எடுப்பவர் கையில் ரேகையும் சேர்ந்தே கிடைக்கிறது. அதை சிலிகானில் வார்த்தெடுத்துத்தான் மோசடி நடக்கிறது. பூட்டு அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பூட்டினால் விரல், கண், முகம் மூன்றும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு யார் விரல் வைத்தாலும், அம்மாவே வைத்தாலும், 330 என்ற பிழை எண் வரும். பென்ஷன் ரத்தாகாது. பணம் கணக்கில் வந்து சேரும், முகவரிடம் எடுக்க மட்டும் முடியாது.

அதற்கு வழி, தற்காலிகமாகத் திறப்பது. ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் போட்டு உள்ளே போய்ப் பயோமெட்ரிக் பகுதியில் தற்காலிகத் திறப்பைத் தேர்ந்தெடுத்தால் 10 நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானாகவே பூட்டிக்கொள்ளும். ஓடிபி உங்கள் போனுக்கு வருவதால் வெளியூரிலிருந்தே செய்யலாம். முகவர் கருவியை எடுத்து வைத்த பிறகு அம்மா உங்களை அழைக்கட்டும். முன்கூட்டியே திறந்தால் சிக்னல் கிடைக்காமல் பத்து நிமிடமும் போய்விடும். ஒன்று மட்டும் கண்டிப்பு: அந்த ஓடிபியை முகவரிடம் சொல்லவே கூடாது. திறப்பது உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

ரேஷனுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். அதே குடும்ப அட்டையில் பெயர் உள்ள வேறு யாராவது விரல் வைக்கலாம். அம்மா மட்டும்தான் அட்டையில் இருக்கிறார் என்றால் கடையில் நிற்கும்போது திறந்துவிடுங்கள்.

பூட்டு தடுக்காத மோசடி ஒன்றும் உண்டு. "ரேகை பதியல பாட்டி, இன்னொரு தடவை வைங்க" என்று சொல்லி இரண்டு முறை பணம் எடுப்பது. ஒவ்வொரு முறை விரல் வைத்ததும் ரசீது கேட்க வேண்டும், தோற்றுப்போனதற்கும் ரசீது வரும். வங்கிக் கணக்கில் எஸ்எம்எஸ் போகும் எண் எது என்றும் பாருங்கள். ஆதாரில் உள்ள எண்ணும் வங்கியில் உள்ள எண்ணும் வேறு வேறாக இருப்பது சகஜம்.

---

அச்சுக்கோப்பு எழுதியது:

ஜெராக்ஸ் கேள்விக்கு: மாஸ்க்டு ஆதார் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் முதல் 8 இலக்கம் மறைந்து கடைசி 4 மட்டும் தெரியும். மைஆதார் தளத்தில் ஆதாரைப் பதிவிறக்கும்போது அதற்கான கட்டத்தில் டிக் போட வேண்டும். போடாவிட்டால் முழு எண்ணோடுதான் வரும், நிறைய பேர் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

இறங்கும் பிடிஎஃப் கோப்புக்குக் கடவுச்சொல் உண்டு: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதையடுத்துப் பிறந்த ஆண்டு. உங்கள் பெயரும் வயதும் தெரிந்த யாருக்கும் இது தெரியும், ஆகவே அதைப் பாதுகாப்பாக எண்ணி முழு ஆதார் பிடிஎஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

போனில் எண்ணின் மேல் கறுப்பு மார்க்கர் இழுத்து அனுப்புவதும் சரிவராது. பல செயலிகளில் அந்த மை அரைகுறையாக ஒளிபுகும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடும். பிடிஎஃப் மேல் கறுப்புப் பெட்டி வைத்தால் அடியில் எழுத்து அப்படியே கிடக்கும், காப்பி பேஸ்ட் செய்தால் வந்து விழும்.

காகிதத்தில் கொடுக்கிறீர்கள் என்றால் "இந்த விடுதியில் அறை எடுக்க மட்டும்" என்று இடத்தின் பெயர், தேதியோடு படத்தின் மேலேயே குறுக்காக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிட்டு மறுபடி ஜெராக்ஸ் எடுத்துவிடுவார்கள்.

ஆதார் எண்ணையே பூட்டும் வசதியும் இருக்கிறது. ஆதார் எண்ணுக்குப் பதிலாகக் கொடுக்கக்கூடிய 16 இலக்க மாற்று எண்ணான விஐடியை எடுத்துக்கொண்டு எண்ணைப் பூட்டிவிட்டால் அந்த 12 இலக்கத்தை வைத்து ஓடிபி, கைரேகை எதுவும் ஓடாது. அம்மாவுக்கு அதையும் போட்டுவிடலாம்.

---

கல்லாப்பெட்டி எழுதியது:

கடைசி யோசனை உங்களுக்கும் எனக்கும் நல்லது, அந்த அம்மாவுக்கு வேண்டாம். எண்ணைப் பூட்டினால் முகவரின் கருவியில் ஆதார் எண் செல்லாது, ஒவ்வொரு முறையும் விஐடி கொடுக்க வேண்டும். விஐடியைத் தொலைத்துவிட்டால் எண்ணைத் திறப்பதே தனி வேலையாகிவிடும். அவருக்குக் கைரேகைப் பூட்டு போதும்.

---

ஷரத்து எழுதியது:

உரிமை பற்றிக் கேட்டீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் ஒருமனதாகச் சொன்னார்கள். 2018 செப்டம்பர் 26-ல் ஆதார் வழக்கில் ஐவர் அமர்வு, நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், மானியங்களுக்கும் பான் இணைப்புக்கும் ஆதாரைக் கேட்கலாம் என்றது. வங்கிக் கணக்குக்கும் செல்போன் எண்ணுக்கும் கட்டாயமாக்கியதை ரத்து செய்தது. தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதார் சரிபார்ப்பு நடத்த வழிவிட்ட, ஆதார் சட்டத்தின் 57-ஆம் பிரிவின் பகுதியும் போனது. பிறகு 2019 திருத்தச் சட்டத்தில் வங்கிக்கும் சிம் கார்டுக்கும் ஆதாரை விருப்பத்தின் பேரில் தரலாம் என்று வந்தது. விருப்பம் என்றால் வேறு அடையாள அட்டையும் செல்லும் என்று பொருள்.

உங்களுக்கு நேரடியாக உதவுவது அதே திருத்தத்தில் வந்த 8ஏ பிரிவு. ஆஃப்லைனில், அதாவது கைரேகையோ ஓடிபியோ இல்லாமல், ஆதாரைச் சரிபார்க்கும் எந்த நிறுவனமும் ஆதார் எண்ணைச் சேகரிக்கவோ வைத்துக்கொள்ளவோ கூடாது என்கிறது அது. அட்டையில் உள்ள கியூஆர் குறியீட்டில் பெயர், முகவரி, புகைப்படம் எல்லாம் டிஜிட்டல் கையொப்பத்தோடு இருக்கின்றன. ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் அட்டை அசலா போலியா என்று தெரிந்துவிடும். ஜெராக்ஸால் அதை ஒருபோதும் சொல்ல முடியாது. விடுதிக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்கும் இதில் லாபம்தான்.

ஒரு எச்சரிக்கை. விடுதிகள் ஆதார் நகல் வாங்கக் கூடாது என்று ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே 27-ல் விட்ட அறிவிப்பை இன்னும் பலர் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். அது இரண்டே நாளில், மே 29-ல், திரும்பப் பெறப்பட்டது. அதைக் காட்டி வாதாடினால் எதிராளி அதைச் சொல்லியே உங்கள் வாயை அடைத்துவிடுவார். சட்டப் பிரிவைச் சொல்லுங்கள், இல்லையென்றால் சண்டையே இல்லாமல் ஓட்டுநர் உரிமத்தை நீட்டுங்கள். அடையாளம் கேட்பது நியாயம், ஆதார்தான் வேண்டும் என்பது நியாயமில்லை. ஜிம்முக்கு அந்த அடையாளம்கூட எதற்கு என்பது என் கேள்வி.

---

வேப்பமரத்தடி எழுதியது:

ரொம்ப நன்றிங்க. கைரேகைப் பூட்டு மட்டும் போடுகிறேன். இதுவரை யாராவது அம்மாவின் ஆதாரைப் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று பார்க்க வழி உண்டா? பணம் போயிருந்தால் என்ன செய்வது?

---

கல்லாப்பெட்டி எழுதியது:

அதே மைஆதார் தளத்தில் சரிபார்ப்பு வரலாறு என்று இருக்கிறது. கடந்த ஆறு மாதத்துக்கான பதிவுகள், அதிகபட்சம் 50 வரை வரும். தேதி, நேரம், கைரேகையா ஓடிபியா, கேட்ட நிறுவனம் எது, வெற்றியா தோல்வியா என்று பாருங்கள். முகவர் வராத நாளில் கைரேகைச் சரிபார்ப்பு இருந்தால் பாஸ்புக்கோடு ஒப்பிடுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே பூட்டு, அடுத்து சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைப்பு, அதே நாளில் வங்கிக் கிளையில் எழுத்துப் புகார். நகலில் தேதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள், நாள் கணக்கு அதை வைத்துத்தான். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, உங்கள் பக்கமும் வங்கிப் பக்கமும் தவறில்லாத மூன்றாம் நபர் மோசடியை, வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை. நான்கு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்புவரை நீங்கள் ஏற்க வேண்டும். தவறு உங்களுடையது என்று நிரூபிப்பது வங்கியின் வேலை. "நீங்க விரல் வச்சிருப்பீங்க" என்று வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பினால் அதை எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் போடலாம், கட்டணம் இல்லை.

---

அச்சுக்கோப்பு எழுதியது:

கையோடு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அம்மாவின் போன் எண்ணைப் போட்டு, அவர் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பாருங்கள். தெரியாத எண் இருந்தால் "என் எண் இல்லை" என்று குறித்துவிடலாம். நீங்கள் போடும் அம்மாவின் எண் வேறு யார் பெயரிலாவது எடுத்தது என்றால் பட்டியல் அந்த நபர் பெயரில்தான் வரும்.