சிசிடிஇ என்ற சிஸ்கோ நெட்வொர்க் டிசைன் தேர்வுக்குப் படிக்கும்போது உங்களை உலுக்கிய ஒரு கேள்வி

பதிவு 1

தேர்வில் வந்ததை வெளியே சொல்லக் கூடாது, அதனால் இது நண்பர் ஒருவர் எழுதிக் கொடுத்த பயிற்சிக் காட்சி, அதாவது ஒரு கற்பனை நிறுவனத்தின் ஆவணங்களும் கேள்விகளும். இரண்டு நிறுவனங்கள் இணைகின்றன. ஒன்றில் ஓஎஸ்பிஎஃப், மற்றதில் இஐஜிஆர்பி (இரண்டும் நெட்வொர்க்குக்குள் ரூட், அதாவது வழி, கண்டுபிடிக்கும் புரோட்டோகால்கள்), இரண்டு இடங்களில் லிங்க். இருபக்கமும் ரீடிஸ்ட்ரிபியூஷன் (ஒன்றின் ரூட்டுகளை மற்றதில் சேர்ப்பது), லூப் வராமல் இருக்க ரூட் டேக் (ரூட்டில் ஒட்டும் அடையாள எண்) என்று முடிவே செய்துவிட்டேன். அப்புறம் ஒரு மின்னஞ்சல் திறந்தது, நிதிப் பொறுப்பாளர் எழுதியது. செலவுக் கணக்குகளுக்கு நடுவே ஒரு வரி: வாங்கிய நிறுவனத்தின் ஒரு பிரிவை அடுத்த ஆண்டு விற்கும் எண்ணம் இருக்கிறது.

அந்த வரியில் ரூட்டர் இல்லை, புரோட்டோகால் இல்லை. ஆனால் விடையே புரண்டுவிட்டது. பிரியப் போகிற நெட்வொர்க்கை எதற்கு இப்படிப் பின்னிப் பிணைக்க வேண்டும்? நடுவில் பிஜிபி (தனித்தனி நெட்வொர்க்குகளுக்கு இடையே ரூட் பரிமாறும் புரோட்டோகால்) வைத்தால் எந்த ரூட் எந்தப் பக்கம் போகலாம் என்பது நம் கையில் இருக்கும், நாளைக்குப் பிரிப்பதும் சுலபம். அந்த வரியை இன்னும் மறக்க முடியவில்லை.

பதிவு 2

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எண்ணம் வேறு, தேவை வேறு. இப்படி வரிக்கு வரி உள்ளர்த்தம் தேடிக்கொண்டிருந்தால் அடிப்படையைக் கோட்டை விட்டுவிடுவோம்.

என்னை உலுக்கியது ஒரு வெள்ளைப் பலகை. இரண்டு ஹப் (மைய ரூட்டர்கள்), கீழே நிறைய கிளைகள், எல்லாம் இஐஜிஆர்பி ஸ்டப், அதாவது பிறருக்கு நடுவழியாக இருக்காதவை. இரண்டு ஹப்பும் மேலே 10.4.0.0/21 என்று ஒரே சம்மரியை (கிளைகளின் ரூட்டுகளை எல்லாம் ஒன்றாகச் சுருக்கியது) அனுப்புகின்றன. பார்க்க அழகான டிசைன். சொல்லிக்கொடுத்த அண்ணன் முதல் ஹப்புக்கும் ஒரு கிளைக்கும் நடுவே இருந்த கோட்டை விரலால் அழித்துவிட்டு, “இப்போ பாக்கெட் எங்கே போகும்?” என்றார்.

முதல் ஹப்பிடம் மற்ற கிளைகளின் ரூட் இருப்பதால் சம்மரி நிற்கவில்லை. பாக்கெட் அங்கேயே வருகிறது. அந்தக் கிளைக்கு ரூட் இல்லை, ஸ்டப் என்பதால் வேறு கிளை வழியாகவும் போக முடியாது. சம்மரிக்காக உருவான ‘நல்’ (null) ரூட்டில், அதாவது பாக்கெட்டைத் தூக்கி எறியும் ரூட்டில், விழுந்து சாகிறது. இரண்டாவது ஹப்புக்கு வழி நன்றாகவே இருக்கிறது! ஹப்புகளுக்கு இடையே ஒரு லிங்க் போட்டு, அதில் சம்மரி இல்லாமல் முழு ரூட்டையும் அனுப்பினால் சரியாகிவிடும்.

பதிவு 3

பதிவு 2-க்கு: எண்ணமும் ஒரு தகவல்தான். அதற்கு எவ்வளவு கனம் கொடுப்பது என்பதைத்தான் டிசைன் தேர்வு பார்க்கிறது.

என் அனுபவம் சின்னது. பயிற்சியின்போது ஒரு விடை கொடுத்து அடுத்த பக்கம் போனேன், “நிறுவனம் வேறு வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டது, இனி அதை வைத்து மேலே செல்லவும்” என்று இருந்தது. வயிற்றைப் புரட்டியது.

படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். லேப் (செய்முறைத் தேர்வு) எட்டு மணி நேரம், நான்கு காட்சிகள். மூன்று எல்லோருக்கும் பொது, ஒன்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் துறை. விடை கொடுத்த கேள்விக்குத் திரும்ப முடியாது. அதனால் கொடுத்த விடையை மனசில் சுமந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். ஆவணத்தை முதல் தடவை படிக்கும்போது தொழில்நுட்பத்தை விட்டுவிட்டு, யாருக்கு எது வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தினமும் படிக்கும்போதும் “ஓஎஸ்பிஎஃப் எப்படி வேலை செய்கிறது” என்பதோடு நிறுத்தாமல், இந்த இடத்தில் அது ஏன் வேண்டாம் என்று ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். ஒரு காரணமும் எழுத வரவில்லை என்றால் அந்தத் தலைப்பு இன்னும் படியவில்லை. கான்ஃபிக் (ரூட்டருக்குக் கொடுக்கும் கட்டளைகள்) மனப்பாடம் இங்கே உதவாது. தூக்கத்தையும் குறைக்காதீர்கள்.

பதிவு 1

மறுபடி நான்தான். பதிவு 2-க்கு: சரி, விற்கவே இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பிஜிபி வைத்ததால் எது உடைகிறது? கன்வர்ஜென்ஸ் (ஒரு மாற்றத்துக்குப் பிறகு எல்லா ரூட்டரும் புது வழிக்கு வருவது) மெதுவாகும் என்பீர்கள். லிங்க் விழுந்ததை உடனே கண்டுபிடிக்க பிஎஃப்டி என்ற புரோட்டோகால் இருக்கிறதே. வேறு காரணம் இருந்தால் எழுதுங்கள், படம் போட்டே பார்த்துவிடுவோம்.