மறு: மேனிஃபோல்டு, எக்ஸ்ட்ராக்டர் – ‘புகைக்கூடல்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். நம் காடி (கார்) பழுதுபார்ப்புக் கையேட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இரண்டு உறுப்புகளைப் பற்றி எழுதுகிறேன்: எஞ்சினின் எரிந்த வாயுவை ஒரே குழாயில் சேர்க்கும் மேனிஃபோல்டு, அதற்குப் பதிலாக மாட்டும் எக்ஸ்ட்ராக்டர். தைப்பிங் ஐயா இப்படி எழுதியிருந்தார்:

> மேனிஃபோல்டுக்குப் ‘பன்மடிக்குழாய்’ போதும். எக்ஸ்ட்ராக்டர் வேறு பொருள். அதற்குப் ‘புகை உறிஞ்சி’ என்று தனிச்சொல் தரலாம்.

தைப்பிங் ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் இரண்டும் வேறு பொருள் என்பதில்தான் எனக்கு மறுப்பு. சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறையில் இப்போது ஒரு பழைய புரோட்டோன் சாகா காடிக்கு மேனிஃபோல்டைக் கழற்றி எக்ஸ்ட்ராக்டர் மாட்டும் வேலைதான் நடக்கிறது. கழற்றியதும் மாட்டப்போவதும் என் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. பார்த்தால் உறவே தெரியாது. செய்யும் வேலை ஒன்றுதான்.

சாகாவின் எஞ்சினில் நான்கு சிலிண்டர். எரிந்து முடிந்த வாயு நான்கு வாய் வழியாக வெளியே வருகிறது. அந்த நான்கையும் வாங்கி ஒரே குழாய்க்குள் சேர்ப்பது, எஞ்சின் தலையில் ஸ்டட் (மரையுள்ள தண்டு) வைத்து முடுக்கியிருக்கும் வார்ப்பிரும்புத் துண்டு. காடி பாரத்தோடு மேடேறும்போது உள்ளே ஓடும் வாயுவின் சூடு 700, 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எஞ்சின் தலையோ அலுமினியம். ஒரே அளவு சூட்டுக்கு அது வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். இப்படி வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும் இரண்டையும் இறுக்கிக் கட்டிவைத்தால், பல வருட ஓட்டத்துக்குப் பிறகு வார்ப்பிரும்பு வெடிப்பு விடுகிறது. பெரும்பாலும் இரண்டு கால்கள் சேரும் கவட்டில்தான். இந்தக் காடியிலும் அங்கேதான்: மயிரிழை போல ஒரு கோடு, அதன் இரு ஓரமும் கரி படிந்து வெல்வெட்டாகக் கறுத்திருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ‘டிக் டிக்’ என்று எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து அடிக்கும். கொஞ்ச தூரம் ஓடியதும் இரும்பு விரிந்து வெடிப்பு மூடிக்கொள்ள, சத்தம் அடங்கிவிடும். சத்தம் நின்றதும் கோளாறு தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்து மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் எங்கள் தோட்டப்புறத்தில் நிறைய இருக்கிறார்கள்.

‘ஒட்டுப் போட்டால் ஆகாதா?’ என்று கேட்பார்கள். வார்ப்பிரும்பை முதலில் முழுவதும் சூடாக்க வேண்டும், நிக்கல் குச்சியால் ஒட்ட வேண்டும், பிறகு மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு ஒட்டினால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது வெடிப்பு ஓடும். பழைய காடிக்கு நல்ல வார்ப்புத் துண்டு தேடி அலைவதைவிட, வளைத்து ஒட்டிய எஃகுக் குழாய்த் தொகுதி வாங்குவது பலருக்கு எளிதாக இருக்கிறது. மலேசியாவில் நாம் எக்ஸ்ட்ராக்டர் என்பது இதைத்தான்; அமெரிக்காவில் ஹெடர்ஸ்.

இனி ‘உறிஞ்சி’. ஒரு சிலிண்டரின் வாயு குழாயில் வேகமாகப் பாயும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைகிறது. குழாய்களின் நீளமும் சேரும் இடமும் பொருந்தி வந்தால், அந்தக் குறைந்த அழுத்தம் அடுத்துத் திறக்கும் சிலிண்டரின் வாயுவை வெளியே இழுக்க உதவும். இவ்வளவுதான் அதன் சூட்சுமம். அதுவும் குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் நன்றாக நடக்கும். ‘உறிஞ்சி’ என்றால் உள்ளே ஏதோ விசிறி சுழன்று இழுப்பதாகப் படிக்கும் பிள்ளை எண்ணிக்கொள்ளும். அடுப்பங்கரையில் மாட்டும் கருவிக்கும் அதே பெயர் போய்விடும். சேர்ப்பது தொழில், இழுப்பது அதன் உபரிப் பயன். பெயர் தொழிலிலிருந்து வரட்டும்.

சேருமிடத்துக்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: கூடல். ஆறுகள் சேர்ந்தால் கூடல், மூன்று சேர்ந்தால் முக்கூடல். ஆகவே புகைக்கூடல். வார்ப்பிரும்பில் செய்தது வார்ப்புக்கூடல், எக்ஸ்ட்ராக்டர் குழற்கூடல். மூன்று சிலிண்டர் கஞ்சில் காடிக்கு முக்கூடல் என்ற சொல் அப்படியே பொருந்தும். சாகா, வீரா போன்ற நான்கு சிலிண்டர் காடிகளுக்கு நாற்கூடல். மதுரைக்கு நான்மாடக்கூடல் என்று பெயர் வைத்த மொழிக்கு இது கடினமா?

இந்தச் சொல்லின் பெரிய வசதி அடுத்த கட்டத்தில் தெரிகிறது. கடைகளில் 4-1, 4-2-1 என்று இரண்டு வகை விற்கிறார்கள். முதல் வகையில் நான்கு குழாயும் ஒரே இடத்தில் சேரும்: ஒருபடிக் கூடல். இரண்டாவதில் முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, பிறகு அந்த இரண்டும் ஒன்றாகும்: இருபடிக் கூடல். சாகாவில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2. அதனால் 1ஐயும் 4ஐயும், 2ஐயும் 3ஐயும் இணைக்கிறார்கள். அப்படி இணைத்தால் ஒரு சோடியின் வாயு ஒன்றன்மேல் ஒன்று மோதாமல் எஞ்சினின் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் வரும். பொதுவாக ஒருபடி உயர்ந்த வேகத்தில் நன்றாக இழுக்கும். இருபடி நடு வேகத்தில். தோட்டத்துச் சடக்கில் (சாலையில்) செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு, இடம் கிடைத்ததும் முந்த வேண்டிய காடிக்கு நான் இருபடிதான் சொல்வேன். ‘உறிஞ்சி’யை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டை எப்படிச் சொல்வது?

ஈப்போ அக்கா எழுப்பிய கேள்வி கனமானது:

> அது புகை இல்லையே? கண்ணுக்குத் தெரியாத வாயுவைப் புகை என்றால், புகை தெரியாவிட்டால் ஆபத்து இல்லை என்று பிள்ளைகள் நினைக்க மாட்டார்களா?

நினைப்பார்கள் அக்கா. வெடிப்பின் வழியே கசிவதில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எஞ்சின் அறையிலிருந்து அது காடிக்குள் நுழைந்தால் உயிருக்கே கேடு. ‘கழிவளிக் கூடல்’ என்று வைத்தால் துல்லியமானதுதான். ஆனால் பட்டறையில் எந்தப் போமனும் (மெக்கானிக்கும்) வாய்திறந்து அதைச் சொல்லமாட்டார்; ‘பொகை லீக்காகுது’ என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். புகையைப் பெயரில் வைத்து, எச்சரிக்கையை விளக்கத்தில் கட்டாயம் சேர்ப்போம் என்பது என் கருத்து. கித்தாத் தாளை (ரப்பர் தாளை) புகை போட்டு உலர்த்தும் கட்டடத்தோடு குழம்பும் என்ற அச்சம் எனக்கு இல்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் வரப்போவதில்லை.

காற்றை உள்ளே அனுப்பும் பக்கத்து மேனிஃபோல்டுக்குக் கூடல் ஆகாது. அது ஒன்றாக வருவதைப் பிரித்துக் கொடுக்கிறது. அதற்குக் ‘காற்றுப்பகிர்வி’ சரியாக இருக்கலாம். ‘பன்மடி’ என்றால் சேர்ப்பதா, பிரிப்பதா என்றே தெரியாது. காஸ்கட் (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்பு), ஸ்டட் இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம்.

கையேட்டுக்கு நான் எழுதிய பதிவு:

புகைக்கூடல்: சிலிண்டர்களிலிருந்து வெளிவரும் எரிந்த வாயுவை ஒரே குழாயில் சேர்க்கும் உறுப்பு. வார்ப்புக்கூடல், குழற்கூடல் என இரு வகை. கழற்றுமுன் எஞ்சின் நன்றாக ஆற வேண்டும். துருப்பிடித்த ஸ்டட்டுகளுக்கு முந்திய இரவே எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். புது காஸ்கட் போட்டு, நட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமாகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். சில நாள் ஓடிச் சூடேறி ஆறிய பின் மறுபடி சரிபார்க்க வேண்டும். கசிவில் மணமற்ற நச்சு வாயு உண்டு. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடக்கூடாது.

இதில் ‘குழற்கூடல்’ ஒன்றுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. பேச்சில் ற-வும் க-வும் அடுத்தடுத்து வந்து நாக்கைத் தடுக்கும். ‘குழல்கூடல்’ என்று பிரித்தே எழுதலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.