முதல் பிஸ்டல் வாங்க உதவி வேண்டும் (கொஞ்சம் அவசரம்)

வடக்குக்கரை:
வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன். துப்பாக்கி சுடும் போட்டிக்காக முதல்முறையாகச் சொந்தமாகப் பிஸ்டல் வாங்கப் போகிறேன். 3,000 வெள்ளி வரை செலவழிக்கலாம். ஸ்டெயர், வால்தர், மொரினி, இந்த நிறுவனங்களில் எதை எடுப்பது? கிளப்பில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் தன்னுடையதை விற்பதாகச் சொல்லி, இந்த வாரமே முன்பணம் கேட்கிறார். லைசென்ஸ் விஷயம் எப்படி? சீக்கிரம் சொல்லுங்கள்.

பெல்லட் டப்பா:
எந்தப் போட்டிக்கு? 10 மீட்டர் ஏர் பிஸ்டலா (காற்றால் சுடுவது), 25 மீட்டர் .22-ஆ (தோட்டா போட்டுச் சுடுவது)? வலது கையா, இடது கையா? கை பெரிதா, சிறிதா? குடிமகனா, பிஆரா (நிரந்தரவாசியா), வேலை அனுமதியா? இதெல்லாம் தெரியாமல் பெயர் சொல்வது வீண். முன்பணம் மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

பழைய சிப்பாய்:
தம்பி, என்.எஸ்.-ல் (தேசிய சேவையில்) எஸ்ஏஆர் 21 ரைபிள் சுட்டிருப்பீர்கள். அந்தப் பழக்கம் இருந்தால் நேராக .22-க்கே போய்விடுங்கள். காற்றுத் துப்பாக்கியில் உதைப்பே கிடையாது. அதில் எவ்வளவு பழகினாலும் நிஜத் துப்பாக்கியைக் கையில் எடுத்தால் தடுமாறுவீர்கள்.

பத்தாம் வளையம்:
சிப்பாய் சார், தோளில் அணைத்து இரண்டு கையால் சுடும் ரைபிளுக்கும், ஒற்றைக் கையை நீட்டிச் சுடும் பிஸ்டலுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டவர் இன்னும் எந்தப் போட்டி என்றே சொல்லவில்லை.

வடக்குக்கரை, கைபேசி வாங்குவது போல இதை வாங்க முடியாது. முதலில் கிளப் உறுப்பினர், பிறகு பாதுகாப்புப் பயிற்சி, பிறகு கிளப்பின் ஆதரவோடு போலீஸ் உரிமத்துக்கு விண்ணப்பம். கடைசியில்தான் ஆயுதம். அதுவும் சுடுதளத்து ஆயுத அறையில்தான் இருக்கும், வீட்டு அலமாரியில் அல்ல. அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

வடக்குக்கரை:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். 10 மீட்டர் ஏர் பிஸ்டல். கிளப் உறுப்பினர்தான், பயிற்சியும் முடித்தாயிற்று. இதுவரை கிளப் துப்பாக்கியில்தான் சுடுகிறேன். பிஆர். தம்பி இல்லை, தங்கை. இடது கை. ஏர் பிஸ்டலுக்கும் உரிமம் வேண்டுமா? அது வெறும் காற்றுதானே?

மதுரை ஈசூன்:
ஊரில், இந்தியாவில், இதற்கு லைசென்ஸே வேண்டாம்! 2016 ஆயுத விதிகளின்படி குழல் அகலத்துக்கும் சுடும் ஆற்றலுக்கும் உள்ள வரம்பைத் தாண்டினால்தான் கேட்பார்கள். போட்டி பிஸ்டல் அதற்குள்தான். சென்னையில் வாங்கி, பெட்டியில் போட்டுக் கொண்டு வந்துவிடலாமே, விலையும் குறையும்.

பத்தாம் வளையம்:
தயவுசெய்து இதை யாரும் நம்பாதீர்கள். இங்கே 1973 ஆயுதக் குற்றச் சட்டத்தில் ஏர் கன்னும் ஏர் பிஸ்டலும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. ஊர்ச் சட்டம் ஊரோடு சரி. சாங்கி விமான நிலையத்தில் இறங்கிவிட்டால் சிங்கப்பூர்ச் சட்டம்தான்.

மதுரை ஈசூன்:
விளையாட்டுக்காரருக்கு இவ்வளவு கெடுபிடி தேவையா என்றுதான் கேட்கிறேன். பெண்களுக்குப் பிரம்படி கிடையாது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய சிப்பாய்:
தேவைதான். இங்கே நடுராத்திரியில் பெண் பிள்ளை தனியாக நடந்து வீட்டுக்குப் போக முடிவது எதனால்?

மதுரை ஈசூன்:
அதற்குத் துப்பாக்கிச் சட்டம் மட்டும்தான் காரணமா? ஜப்பானிலும் அப்படித்தான் நடக்கிறார்கள்.

பத்தாம் வளையம்:
ஜப்பானில் ஏர் ரைபிளுக்கே அனுமதி வாங்க வேண்டும். உங்கள் உதாரணமே என் பக்கம் நிற்கிறது.

பெல்லட் டப்பா:
சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெண் காத்திருக்கிறார்.

தங்கச்சி, இடது கை என்றீர்களே, பாதிக் கேள்விக்கு அதுவே பதில். போட்டி பிஸ்டலின் கைப்பிடி உள்ளங்கைக்கு ஏற்றபடி செதுக்கப்பட்டது. வலது கைப் பிடியை இடது கையில் பிடிக்கவே முடியாது. விற்கிறவருடையது வலது கைப் பிடி என்றால், தனியாக வேறு பிடி வரவழைக்க வேண்டும், அதுவும் செலவு. உங்களுக்கு ஸ்மால் அல்லது மீடியம் சரியாக இருக்கலாம். ஆனால் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

சோதிப்பது இப்படித்தான். சுடுகோட்டில் நின்று பிடியை இறுக்காமல் பிடியுங்கள். கண்ணை மூடிக் கையை உயர்த்துங்கள். மூச்சை விட்டு, கண்ணைத் திறங்கள். முன்சைட் (குழல் முனையில் உள்ள குறிமுள்) பின்சைட்டின் (கண்ணுக்கு அருகே உள்ள குறித்தகட்டின்) பள்ளத்துக்கு நடுவே தானாக வந்து நிற்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் ஒதுங்கினால் பிடி பொருந்தவில்லை, மணிக்கட்டைத் திருப்பிச் சமாளிக்காதீர்கள். உள்ளங்கைக்குக் கீழே தாங்கும் பலகையை மேலே கீழே நகர்த்தலாம், கையை நசுக்காமல் தொட்டுக்கொண்டு நின்றால் போதும். சின்னக் குறைகளை மர மக்கும் உப்புத்தாளும் வைத்துச் சரிசெய்யலாம். இலக்கு அட்டையின் நடுவே உள்ள பத்தாம் வளையம் 11.5 மிமீதான். அதை 10 மீட்டரிலிருந்து 60 தடவை அடிக்கக் கை அலுக்காமல் இருக்க வேண்டும். பெயரெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வடக்குக்கரை:
விற்பவருடையது வலது கைப் பிடிதான். மொரினி, எலக்ட்ரானிக் ட்ரிகர் (பேட்டரியில் இயங்கும் விசை). அது நல்லது என்கிறார்களே?

பழைய சிப்பாய்:
பேட்டரி போட்ட துப்பாக்கியை நான் நம்பமாட்டேன்.

பத்தாம் வளையம்:
சர்வதேசப் போட்டிகளில் பலர் அதைத்தான் சுடுகிறார்கள் சார். மாற்று பேட்டரி ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டால் முடிந்தது. எந்த ட்ரிகராக இருந்தாலும் 500 கிராம் எடையை அதில் தொங்கவிட்டால் விடுபடாமல் தாங்க வேண்டும், தாங்காவிட்டால் ஆயுதச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பழையது வாங்கும்போது எல்லோரும் மறப்பது, சுடுவதற்கான காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர். அதில் தேதி பொறித்திருக்கும். 10 ஆண்டு தாண்டியதைப் போட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே 200 பார் அழுத்தம், விளையாட்டில்லை. பிஸ்டல் மலிவாகக் கிடைத்து, சிலிண்டரைப் புதிதாக வாங்க வேண்டி வந்தால் லாபம் எங்கே?

பெல்லட் டப்பா:
இன்னொன்று. உரிமம் உங்கள் பெயரில் வராமல் ஆயுதம் கைமாறக் கூடாது. நீங்கள் முன்பணம் கொடுத்த பிறகு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும். அவசரப்படுத்துகிற ஆளிடம் "உரிமம் கிடைத்ததும் பேசலாம்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். கிளப் பயிற்றுநருக்கும் தெரியப்படுத்துங்கள்.

மதுரை ஈசூன்:
பெட்டியில் கொண்டு வரச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், யாரும் செய்ய வேண்டாம். ஆனால் கெடுபிடி பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.

வடக்குக்கரை:
எல்லோருக்கும் நன்றி. மொரினியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிளப்பில் இடது கை ஸ்டெயர் ஒன்று இருக்கிறதாம், மீடியம் பிடி. நீங்கள் சொன்ன மாதிரி கண்ணை மூடித் தூக்கிப் பார்த்தேன், கொஞ்சம் வலப்பக்கம் நிற்கிறது. பயிற்றுநர் பிடியைச் சரிசெய்து பார்க்கலாம் என்கிறார். விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்திருக்கிறேன்.

பெல்லட் டப்பா:
நல்லது. கிளப் ஆயுதம் என்றால், கேட்காமல் உப்புத்தாள் போடாதீர்கள்.