பிரைவேட் மெதட்: 'மரபுறாமுறை' வேண்டாம், 'அகமுறை' போதும்

நிரல் எழுதும்போது ஒரு வகுப்புக்குள் (கிளாஸ்) வைக்கும் செயல்தான் மெதட். வெளியில் இருந்து கூப்பிட முடியாதபடி பூட்டி வைத்தது பிரைவேட் மெதட். மரபாக வராது என்ற பொருளில் அதற்குத் தம்பி சொன்ன தமிழ்ச்சொல் 'மரபுறாமுறை', காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஜாவா என்ற நிரல்மொழியை மட்டும் பார்த்துச் செய்த சொல். ஜாவாவில் பிரைவேட் மெதட் துணைவகுப்புக்கு, அதாவது ஒரு தாய்வகுப்பிலிருந்து கிளைத்த வகுப்புக்கு, மரபாக வராது, சரி. ரூபியில் வரும், துணைவகுப்பு தன் மெதட் போலவே கூப்பிடலாம். சி++இல் இன்னும் வேடிக்கை: விர்ச்சுவல் என்று குறித்த பிரைவேட் மெதடைத் துணைவகுப்பு மாற்றி எழுதலாம், தாய்வகுப்பில் உள்ளதைக் கூப்பிட மட்டும் ஏலாது. மூன்றுக்கும் பொதுவானது, யார் கூப்பிடலாம் என்ற கட்டுப்பாடுதான்.

திருகோணமலை உவர்மலையில் நான் எடுக்கும் மாலை வகுப்பில் ஒரு பிள்ளை ஜாவாவில் 'படகு' என்ற வகுப்பு எழுதினாள். அதில் 'கட்டணம்' பிரைவேட். அதைக் கூப்பிடும் 'சீட்டுக்கொடு' பொது. பிறகு 'மூதூர்ப்படகு' என்ற துணைவகுப்பில் அதே பெயரில் இன்னொரு 'கட்டணம்'. சீட்டில் பழைய தொகையே வந்தது, ஜாவா பிழை என்றும் சொல்லவில்லை. "வராது எண்டீங்கள், பிறகு எப்படி சேர் சீட்டில வருது?" என்று கேட்டாள். 'மரபுறாமுறை' என்று பலகையில் எழுதியிருந்தால் முழித்திருப்பேன்.

அம்மம்மாவின் பெட்டகத்தைச் சொல்லித் தப்பினேன். வீடு உனக்கு வந்துவிட்டது, பெட்டகமும் உள்ளேதான் இருக்கிறது, திறப்பு மட்டும் அம்மம்மாவின் இடுப்பில். அடுத்த அறையில் நீ அதேமாதிரிப் பெட்டகம் வாங்கி வைத்தாலும் அவர் தன்னுடையதைத்தான் திறப்பார்.

ஆகவே 'அகமுறை'. அகம் என்றால் உள், வீடு இரண்டும்தானே. எவரும் கூப்பிடக்கூடிய பொது மெதட் 'புறமுறை'. பிரைவேட்டுக்கு 'தனியார்' என்றால் எனக்குத் தனியார் பஸ்தான் நினைவுக்கு வருகிறது. 'தனிப்பட்ட' என்பது தனிப்பட்ட விபரங்களோடு குழம்பும்.

தாய்வகுப்பில் உள்ளது துணைவகுப்புக்கு வருவதுதான் இன்ஹெரிடன்ஸ். அதற்கு அக்கா சொன்ன 'முதுசம்', அதாவது பரம்பரைச் சொத்து, எனக்குப் பிடித்திருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் சட்டமாக்கிய யாழ்ப்பாணத் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டத்தில் முதுசத்துக்குப் பக்கத்திலேயே 'தேடியதேட்டம்', அதாவது தேடிச் சேர்த்த சொத்து, இருக்கிறது. துணைவகுப்பு தானே புதிதாக எழுதிக்கொண்ட மெதடுகளுக்கு அதை எடுக்கலாம். முதுசம் கைமாறினால் கொடுத்தவரிடம் மிஞ்சாது, இங்கே தாய்வகுப்பில் எல்லாம் அப்படியே இருக்கும் என்பது குறைதான். 'மரபுரிமை'க்கும் அதே குறை உண்டு.

பிரைவேட்டுக்கும் பொதுவுக்கும் இடைப்பட்ட புரொடெக்டட்தான் சிக்கல். வழிவழியாக வருவோரும் கூப்பிடலாம் என்று யோசித்து 'வழிமுறை' என்று எழுதிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது.