ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் வாயு வருகிறது, எரியவில்லை

ஆத்தூர்க்காரன்:
ஒன்பதாவது படிக்கும் மகள், அறிவியல் கண்காட்சிக்காகச் சேகோ ஆலைத் தண்ணீரைக் கேனில் அடைத்து, மேலே சைக்கிள் டியூபை மாட்டி வைத்தாள், பத்து நாளில் டியூப் நன்றாக உப்பிவிட்டது, ஆனால் தீக்குச்சியை நீட்டினால் அணைந்துபோகிறது. பிள்ளை முகமே வாடிவிட்டது. என்ன தப்புங்க?

ஏற்காட்டுக்காரர்:
முதலில் வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடுதாங்க, திறந்த வெளியில் விட்டுவிடுங்கள். அந்தத் தண்ணீர் புளித்திருக்கும். எரியும் வாயுவான மீத்தேனைத் தரும் நுண்ணுயிர்களுக்கு பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு) 7-ஐ ஒட்டி, அதாவது புளிப்பில்லாமல் இருக்க வேண்டும். சுண்ணாம்புத் தெளிவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அப்புறம் அந்த நுண்ணுயிர்கள் உள்ள புதுச் சாணிக் கரைசல் கலக்கச் சொல்லுங்கள்.

அம்மாப்பேட்டை அக்கா:
திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் சூரிய ஒளி இஸ்திரி வண்டியை உருவாக்கியபோது பள்ளி மாணவிதான், 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டிலேயே பேசினாள். பாப்பாவிடம் சொல்லுங்கள் தம்பி.

ஆத்தூர்க்காரன்:
நீல லிட்மஸ் தாள் பட்டதும் சிவந்துவிட்டது, தண்ணீர் புளித்துத்தான் இருக்கிறது! சாணி எடுக்கக் கிளம்பிவிட்டாள்.