பெயின்ட் முடிஞ்சது, திங்கட்கிழமை சாரம் பிரிக்கணும். ஆனா சாரம் ஆடுது

புதுசூப்பர்வைசர்:
அஞ்சு மாடிக் கட்டடம். வெளிப்பக்கம் 18 மீட்டர் உயரத்துக்குப் பைப்–கிளாம்ப் சாரம், அகலம் 1.2 மீட்டர், முழுசா வலை போட்டிருக்கு. கட்டினப்போ நான் இந்த சைட்டில் இல்லை. கட்டின ஆட்கள் வேற, பிரிக்க வர்றவங்க வேற. "மேலேருந்து கழற்றிக்கிட்டே வரவேண்டியதுதானே, ஒன்றரை நாள் வேலை"ங்கிறார் கான்ட்ராக்டர். நேத்து ஏறிப் பார்த்தேன், மூணாவது தட்டுல கையால தள்ளினாலே அசையுது. ஆளுக்கொரு பெல்ட் இருக்கு. அது போதுமா, இல்லை நான்தான் வீணா பயப்படுறேனா?

பழைய_சாரக்காரன்:
தம்பி, பயம் சரியான இடத்துலதான் வந்திருக்கு. முதல்ல ஏணியை எடுத்துடுங்க, யாரும் ஏற வேண்டாம்.

26 வருஷமா இதே வேலை. கட்டுறதைவிடப் பிரிக்கிறதுதான் எனக்கு நடுக்கம். கட்டும்போது ஒவ்வொரு கிளாம்பையும் நாமதான் முறுக்குறோம், எது எங்கே இருக்குன்னு கைக்குத் தெரியும். பிரிக்கப் போறப்போ நிக்கிறது அந்தச் சாரமே இல்லை. நடுவுல கொத்தனார், பெயிண்டர், ஜன்னல் மாட்டுறவர், குழாய்க்காரர்னு எல்லாரும் ஆளுக்கொண்ணு கழற்றியிருப்பாங்க.

கணக்கைப் பாருங்க. தனியா நிக்கிற சாரம் அதோட குறுகலான அகலத்தைப் போல நாலு மடங்கு உயரம் வரைக்கும்தான் நிக்கலாம்னு ஒரு விதி உண்டு, சில இடத்துல மூணு மடங்குன்னே வச்சிருக்காங்க. உங்க 1.2 மீட்டருக்கு நாலு மடங்குன்னாலும் 4.8 மீட்டர். மீதி 13 மீட்டரையும் தாங்கிப் பிடிச்சிருக்கிறது சுவர்ப்பிடிதான், அதாவது சாரத்தைக் கட்டடத்தோட இணைச்சுக் கட்டுற பைப். ஆடுதுன்னா அந்தப் பிடி போயிருக்கு. வலை வேற இருக்கு, காத்தடிச்சா கப்பல் பாய் மாதிரி இழுக்கும்.

ஒரு தடவை நாலாவது தட்டுல நாங்க மூணு பேர். கீழேயிருந்து பார்த்தா சுவர்ப்பிடி எல்லாம் இருக்கு. உண்மையில ஜன்னல் வழியா உள்ளே போற பைப்பை யாரோ வெட்டிட்டு, வெளித்துண்டை அப்படியே விட்டிருக்காங்க. மேல்தட்டுப் பலகையை எடுத்ததும் சாரம் சுவரைவிட்டு ஒரு சாண் நகர்ந்து நின்னுச்சு. சத்தமே இல்லை. பேசாம ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா உள்பக்கமா இறங்கினோம். அதுக்கப்புறம் பிடியைக் கண்ணால பார்த்து நம்புறதை விட்டுட்டேன், கையால பிடிச்சு உலுக்கிப் பார்ப்பேன்.

அதனால முதல் நாள் பிரிக்கவே கூடாது. கீழேயிருந்து மேலே போகணும். அடிப்பலகை மண்ணுல உட்கார்ந்திருக்கா, பக்கத்துல யாராவது குழி தோண்டிட்டாங்களான்னு பாருங்க. அப்புறம் தட்டு தட்டா ஸ்பேனரோட ஏறி, காணாமப்போன சுவர்ப்பிடி, குறுக்குப்பைப், கைப்பிடி எல்லாத்தையும் திரும்பப் போடணும். ஒரு தட்டைச் சரிபண்ணாம அடுத்ததுக்கு ஏறக்கூடாது. இதை நல்ல சாரக்காரர்தான் செய்யணும், உங்க ஹெல்ப்பரை அனுப்பிடாதீங்க. பிரிக்கத்தான் போறோமே, எதுக்குக் கட்டணும்னு கான்ட்ராக்டர் கேட்பார். கேட்கட்டும்.

எல்லாம் சரியான பிறகு முதல்ல வலை. அப்புறம்தான் பைப். ஒரு தட்டுல கீழே முழுப்பலகை, கைப்பிடி எல்லாம் இருக்கணும், அதுமேல நின்னுக்கிட்டுத் தலைக்கு மேல உள்ளதைக் கழற்றணும். சுவர்ப்பிடியையும் குறுக்குப்பைப்பையும் நாம அந்தத் தட்டுக்கு இறங்கி வந்த பிறகுதான் கழற்றணும். நேரம் மிச்சம்னு முன்கூட்டியே கீழ்ப்பிடியைக் கழற்றுறவனை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்.

பெல்ட் கேட்டீங்க. இடுப்பு பெல்ட்னா தூக்கிப் போடுங்க, தோள், தொடை எல்லாம் சேர்த்துக் கட்டுற முழு உடம்பு ஹார்னஸ் வேணும். 1.8 மீட்டர் கயிறு, விழும்போது பிரியுற அதிர்ச்சிதாங்கி சுமார் 1.75 மீட்டர், ஆளோட உயரம், கொஞ்சம் இடைவெளின்னு கூட்டினா 6 மீட்டருக்கு வந்துடும். காலடியில ஹூக் போட்டுக்கிட்டு ரெண்டாவது தட்டுலேருந்து விழுந்தா, கயிறு முழுசா பிடிச்சு நிறுத்துறதுக்குள்ள தரை வந்துடும். ஹூக் எப்பவும் தலைக்கு மேல. அதுவும் கழற்றப் போற பைப்புல இல்லை! சிரிக்காதீங்க, ரெண்டு பேரை என் கண்ணாலேயே பார்த்திருக்கேன்.

கழற்றினதைத் தட்டுல அடுக்கக்கூடாது. 6 மீட்டர் கனமான பைப் ஒண்ணு 26 கிலோ, இருபது சேர்ந்தா அரை டன். கைமாத்தி இறக்கணும், இல்லை கயிறும் கப்பியும். கிளாம்ப் எல்லாம் வாளியில. மேலேயிருந்து எதையும் வீசக்கூடாது. கீழே சுத்திக் கயிறு கட்டி ஒரு ஆளை நிறுத்துங்க.

பூச்சுவேலை:
அண்ணே சொல்றது வலிக்குது, ஆனா நிஜம். கழற்றினவங்கள்ல நானும் உண்டு. ஜன்னல் ஓரத்துல மட்டம் பார்க்கிறப்போ பைப் குறுக்கே நிக்கும். சாரக்காரரைக் கூப்பிட்டா ரெண்டு நாளாகும், மேஸ்திரியோ இன்னைக்கே முடிங்கிறார். அப்புறம் மாட்டிக்கலாம்னு கழற்றுவோம், பூசி முடிச்சதும் மறந்துடும். பக்கத்துல வேற இடத்துல ஒரு பிடி போட்டுட்டு இதைக் கழற்றுங்கன்னு யாராவது முதல் நாளே சொல்லியிருந்தா செஞ்சிருப்போம்.

புதுசூப்பர்வைசர்:
இன்னைக்குக் காலையில ஒரு சாரக்காரரோட போய் எண்ணிட்டு வந்தோம். 32 சுவர்ப்பிடி இருந்த அடையாளம் இருக்கு. 11 இல்லவே இல்லை. அஞ்சு சும்மா தொங்குது. மூணாவது தட்டுல தொடர்ந்து நாலு இல்லை, அதான் ஆடியிருக்கு. யாரும் ஏறக்கூடாதுன்னு சிவப்பு அட்டை தொங்கவிட்டாச்சு. கான்ட்ராக்டர் அந்த எண்ணிக்கையைக் கேட்டதும் ஒண்ணும் பேசலை. ஒரு சிக்கல்: ஜன்னல் எல்லாம் கண்ணாடி போட்டு மூடியாச்சு. பைப்பை உள்ளே விட வழியில்லை. ஜன்னல் கம்பியில கட்டலாமான்னு கேட்கிறாங்க.

பழைய_சாரக்காரன்:
கம்பி, மழைநீர்க் குழாய், கைப்பிடிச்சுவர் மூணுலயும் கூடாது. கான்கிரீட் தூண்லயோ பீம்லயோ துளை போட்டு ஆங்கர் (துளைக்குள்ள இறுகிப் பிடிக்கிற பிடிமானம்), அதுல வளையபோல்ட், அதிலேயிருந்து பைப். செங்கல்லுல போடாதீங்க, பூச்சுக்குள்ள எது இருக்குன்னு தட்டிப் பாருங்க. ஆங்கரை இழுத்துச் சோதிக்கிற கருவி வாடகைக்குக் கிடைக்கும், சிலதையாவது சோதிச்சிட்டு ஆளை ஏத்துங்க. பெயின்ட்ல ஓட்டை விழும்னு சண்டைக்கு வருவாங்க. இறங்கும்போது ஒவ்வொரு தட்டா அடைச்சு டச்சப் பண்ணிக்கிட்டே வரலாம், அதுக்கு அதே பெயின்ட்ல ஒரு டப்பா எடுத்து வைக்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு. பாதி பிரிச்ச சாரத்துல ராத்திரி ஏணி இருக்கக்கூடாது. மறுநாள் காலையில ஒரு பெயிண்டர் மறந்துபோன பிரஷ்ஷை எடுக்க ஏறுவார்.